திரையில் ஆடிய காலித் தொட்டில்

என் அக்காள் கணவர் தாஸ்போலத் வாயைத் திறந்தால் சண்டை வரும், அல்லது வாக்குறுதி வரும். சண்டை பரவாயில்லை; அடுத்த வேளைத் தேநீருக்குள் ஆறிவிடும். வாக்குறுதிகள்தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மரப்பட்டறை வாசலில் வந்து நிற்கும்.

ஷிம்கென்ட் நகரத்துக்கும் எங்கள் ஊரான லெங்கெருக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவர் அவர். ஐம்பதைத் தாண்டியும் தலைமுடியும் கோபமும் குறையவில்லை. இருக்கைகள் நிரம்பிவிட்டால், நடுவில் இரண்டு பெட்டிகளின் மேல் கனத்த பிர்ச் மரப் பலகை ஒன்றைப் போட்டு இன்னும் சிலரை உட்கார வைப்பார். போலீஸ் கண்ணில் பட்டால் பலகை ஆட்கள் எல்லோரும் குனிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம். அந்தப் பலகையில் உட்காராத ஆள் லெங்கெரில் இருக்க முடியாது.

அவருடைய சம்பந்தியம்மாள் குல்பாஷ்கூட ஒரு தடவை அதில் உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் பெரிய ரகளையாகிவிட்டது. தன் நிறுத்தத்தில் நிறுத்தாமல் கடைசி ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டார் என்று அந்த அம்மாள் சொன்னார். நிறுத்தினேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன் என்று இவர் ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். போதாக்குறைக்கு, எழுந்திருக்கும்போது பலகையின் ஓரத்து ஆணியில் மாட்டி அந்த அம்மாளின் பாவாடை கிழிந்திருந்தது. மச்சானின் சத்தியத்தை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரே மகளான மர்ஜான் வாழ்க்கைப்பட்டது அந்தக் குல்பாஷ் வீட்டில்தான். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, துர்க்கிஸ்தான் தர்கா, மூலிகைக் கஷாயம் என்று போகாத இடமில்லை. குல்பாஷ் கெட்டவர் இல்லை, ஆனால் நாக்கு சும்மா இருக்காது. "அந்த வீட்டுலேர்ந்து என்னத்தைக் கொண்டு வந்தா?" என்று விருந்தாளிகள் முன்னால் பெருமூச்சு விடுவார். மர்ஜான் தேநீர் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசியில் மர்ஜான் உண்டானாள். அந்தச் சந்தோஷத்தில் சம்பந்தி வீட்டில் ஒரு விருந்து. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குத் தொட்டில் கொண்டுவருவது தாய்வீட்டு உரிமை. குல்பாஷ் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியபடியே தேன் சொட்டப் பேசினார்.

"தொட்டிலுக்கு நீங்க அலையாதீங்க சம்பந்தி. பஜார்ல நானே பார்த்துக்கறேன். நீங்க பாவம், நாள் பூரா வண்டியில குலுங்குறீங்க."

அந்தப் 'பாவம்' மச்சானுக்கு எங்கே சுட்டதோ, கிண்ணத்தைத் தட்டென்று வைத்தார்.

"பஜார் தொட்டிலா? என் மகளோட பிள்ளைக்கா? நானே செய்யறேன். கம்ப்யூட்டர்ல போட்டு, மெஷின்ல வெட்டி, இந்த ஊர்ல எவனும் பார்த்திராத தொட்டிலு!"

"கம்ப்யூட்டர்லயா? எங்க பெரியப்பா செத்தப்ப போன்ல கை தட்டுற பொம்மை அனுப்பினீங்களே, அந்தக் கையாலயா?"

விருந்து முழுக்கச் சிரித்தது. மர்ஜான் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை மச்சான் என் பட்டறைக்கு வந்துவிட்டார்.

என்னிடம் ஒரு சி.என்.சி. மெஷின் இருக்கிறது. பெரிய மேஜை, அதன் மேல் அங்குமிங்கும் நகர்கிற ஒரு தலை, அந்தத் தலையில் சுற்றுகிற கட்டர். கதவிலும் பீரோவிலும் பூவேலை செய்வதற்காகச் சீனாவிலிருந்து வரவழைத்தது. அதற்குக் கண் கிடையாது. எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு ஆழம், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் பாதை போட்டுக் கொடுத்தால்தான் ஓடும். அந்தப் பாதை போடத் தெரிந்த ஆள் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது.

"மச்சான், இது ஸ்டியரிங் இல்ல. உடைச்சா நான் தெருவுலதான் நிக்கணும்" என்றேன்.

"நான் ஓட்டாத வண்டியா மாப்ளே?" என்றார்.

மறுத்துவிட்டேன். ஆனால் மத்தியானம் என் அக்கா ராபிகா போன் செய்தாள்.

"டேய் அமன்தாய், மெஷினைக் குடுடா. அந்தாளு மூக்கு உடையறது எனக்குப் பழகிப் போச்சு. ஆனா இந்தத் தொட்டில் போகலைன்னா மர்ஜான் அந்த வீட்டுல ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது."

அக்கா சொன்ன பிறகு நான் யார்? போர்வையை எடுத்தேன்.

ஒரு கற்றுக்குட்டி இந்த மென்பொருளைக் கற்க எத்தனை வழி உண்டோ, அத்தனையிலும் மச்சான் விழுந்து எழுந்தார். முதலில் இணையத்தில் ஒரு ரஷ்ய வாத்தியார். அவர் பேசுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மச்சான் வீடியோவின் வேகத்தைப் பாதியாக்கினார். உடனே வாத்தியார் நாக்குக் குழற இழுத்தார். "இந்தாளு நிதானத்துல இல்ல மாப்ளே" என்று மூடிவிட்டார். அடுத்து ஒரு துருக்கிக்காரர். துருக்கிப் பேச்சு நமக்குப் பாதி புரியும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. கடைசியில் அகப்பட்டது பேச்சே இல்லாத வீடியோ. பின்னால் டம்டம் என்று ஒரு பாட்டு, திரையில் அம்புக்குறி மட்டும் ஒவ்வொன்றாகப் போய் அமுக்கும். அதில்தான் கற்றார். இன்றைக்கும் அந்தப் பாட்டை முணுமுணுக்காமல் அவரால் மரத்தில் ஒரு துளை போட முடியாது.

புரியாததையெல்லாம் பஸ் ஆக்கிக்கொண்டார். மெஷினுக்கு ஜீரோ புள்ளி, அதாவது வேலை தொடங்குகிற மூலை, சொல்லாமலே முதல்முறை ஓட்டிவிட்டார். கட்டர் மரத்தை விட்டுவிட்டு மேஜையின் ஓரத்தில் மும்முரமாகப் பூவேலை செய்தது. நான் கத்தினேன். அவர் அமைதியாகத் தாடையைத் தடவினார்.

"புரிஞ்சுது மாப்ளே. பஸ் எந்த ஸ்டாண்டுலேர்ந்து கிளம்புதுன்னு நான் சொல்லல. அது பாட்டுக்குத் தாஷ்கென்ட் ஸ்டாண்டுலேர்ந்து கிளம்பிருச்சு."

ஓர் இடத்தில் வெட்டி முடித்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது கட்டரை மேலே தூக்க வேண்டும். அதையும் ஒரு தடவை மறந்தார். பலகையைப் பிடித்திருந்த இரும்புப் பிடியில் மோதி, கட்டர் ஒடிந்து, என் தலைக்கு மேலே பறந்து சுவர்க் காலண்டரில் குத்தி நின்றது. அதை நான் பிடுங்கவில்லை. அவரைத் திட்டும்போது காட்டுவதற்கு வசதியாக இருந்தது.

அதன் பிறகு மரத்தைத் தொடக் கூடாது என்று தடை போட்டேன். முதலில் கட்டரை உயரத்தில் வைத்து வெறும் காற்றில் ஓட்ட வேண்டும். அப்புறம் மெத்தென்ற எதிலாவது வெட்டிப் பார்க்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது துணி துவைக்கிற பழுப்புச் சோப்பு. கட்டி கட்டியாக வாங்கி அடுக்கினார். ஆட்டுக்கொம்புக் கோலம், பூ, மர்ஜானின் பெயர் எல்லாம் சோப்பில் வந்தன. பெயர் மட்டும் முதலில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வந்தது. பட்டறை முழுக்கச் சோப்புத் தூள். கூரை ஒழுகிய ஒரு மழை நாளில் தரை நுரைத்துப் பொங்கி, கதவு வாங்க வந்த வாடிக்கையாளர் வழுக்கிக்கொண்டே போய் மரக்குவியலில் உட்கார்ந்தார். அக்கா வீட்டில் அந்த வருஷம் துணியெல்லாம் பூவேலை செய்த சோப்பில் துவைத்தார்கள்.

ஆனால் கையில் வந்துவிட்டது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொட்டில் தரையில் நின்று ஆடுவதற்கான இரண்டு வளைவுகளையும், பிடித்து ஆட்டுகிற மேல் கட்டையையும் அருமையாக வெட்டிவிட்டார். மீதியிருந்தது அடிப்பலகை. அதுதான் முக்கியம். பிள்ளை முதுகு பதியும்படி லேசாகக் குழிய வேண்டும். நடுவில் வட்டமாகத் துளை வேண்டும். பிள்ளை ஒன்றுக்கும் இரண்டுக்கும் போவதைப் பிடிக்கக் கீழே சட்டி வைப்பது அந்தத் துளைக்கு நேராகத்தான். அதற்காகவே நல்ல தடித்த பிர்ச் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தோம்.

அந்த நேரத்தில் மர்ஜானுக்கு நாள் வருவதற்கு முன்பே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. ஒரு ரொட்டி அளவுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அந்த வாரங்களில் மச்சான் யாரோடும் சண்டை போடவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. குழந்தை தேறி வீட்டுக்கு வந்ததும் குல்பாஷ் தொட்டிலில் போடும் விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் அக்கா பௌர்சாக் என்கிற உப்பலான மாவு உருண்டைகளைப் பொரித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். மச்சான் திரையில் முழுத் தொட்டிலையும் பொருத்தி வைத்து, எல்லாப் பக்கமும் சரிதானா என்று மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். அக்காவின் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது.

"யோவ் கிழவா! காலித் தொட்டிலை ஆட்டுறியே, உனக்குப் புத்தி இருக்கா?"

எங்கள் ஊரில் காலித் தொட்டிலை யாரும் ஆட்டமாட்டார்கள். ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது.

"அடியே, இது தொட்டில் இல்ல, படம்!"

"படமோ கிடமோ, ஆடுச்சா இல்லையா?"

"ஆடுச்சு…"

"பிள்ளை உள்ள இருந்துச்சா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையில் சிதறிய பௌர்சாக்கைப் பொறுக்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தக் குழந்தையைப் பார்த்தவர்களிடம் இதை வாதாட முடியாது. ஆனால் திருப்பிப் பார்க்காமல் எப்படிச் சரிபார்ப்பது? மச்சான் கொஞ்சம் யோசித்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு குழந்தைப் பொம்மையை இறக்கித் திரைத் தொட்டிலுக்குள் மல்லாக்கப் படுக்க வைத்தார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "கொழுகொழுன்னு இருக்கு. கண்ணு படாம இருக்கட்டும். காத்து கருப்பு அண்டாம தலைமாட்டுல கத்தி வைக்கணுமே, வைக்கலையா?"

"மெஷின் பூரா கத்திதான், போதும்."

"சரி, இப்ப ஆட்டிக்கோ" என்று உத்தரவு கொடுத்துவிட்டு, தேநீர் போடப் போனாள்.

மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தியானார். அந்தப் பாட்டை முணுமுணுத்தார். அடிப்பலகையை அதன் மேலிருந்ததோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாதை போட்டு, மெஷினுக்கு அனுப்பி, பச்சைப் பொத்தானை அமுக்கினார். பொம்மையை எடுக்க மறந்துவிட்டார்.

நாங்கள் தேநீர் குடித்து முடித்துவிட்டு வந்து தூளை ஊதினோம். பலகையின் நடுவில் ஒரு குழந்தை படுத்திருந்தது. தலை, இரண்டு காது, பரப்பிய கை, குண்டுக் கால். மூக்கும் வயிறும் பலகையின் உயரத்துக்கு மேலே போனதால் தட்டையாகிவிட்டன, மற்றபடி குழந்தையேதான். அதன் அடியில் மறைந்துகிடந்த துளையைக் கட்டர் பார்க்கவே இல்லை. துளை இல்லாத தொட்டில்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஒண்ணும் குடி முழுகிப் போகல மச்சான். பொம்மையை எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. மேல இருக்கறதைச் சீவிட்டுப் போயிரும், துளையும் விழுந்துரும்."

மச்சான் பொம்மையை அழித்தார், புதுப் பாதை போட்டார். பொத்தானருகே கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"தொடாத!" என்றாள் அக்கா. "பிள்ளை உருவத்து மேல கத்தியை ஓட்டுவியா? நாளைக்குத் தொட்டில்ல போடற பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"அக்கா, இது மரம்."

"அப்ப நீ அமுக்குடா."

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஊருக்கே அது தெரியும். பொத்தானில் விரலை வைத்தேன். பலகையைப் பார்த்தேன். காது இரண்டும் விடைத்துக்கொண்டு, எங்கள் மர்ஜான் பிறந்தபோது இருந்த மாதிரியே இருந்தது. விரல் அமுங்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினேன்.

வேறு தடித்த மரம் பட்டறையில் இல்லை. ஈர மரம் வாங்கினால் வெட்டினதும் வளைந்துபோகும். மச்சான் மரக்குவியல்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தியம்மாவுக்குப் போன் போடு ராபிகா. பஜார் தொட்டிலையே வாங்கிக்கச் சொல்லு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

அக்கா போனை எடுத்தாள், பெயரைத் தேடினாள், திரும்பவும் பையில் போட்டாள். "மர்ஜானுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

மச்சான் எழுந்து வெளியே போனார். மினிபஸ்ஸின் கதவு சறுக்கித் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வருஷக் கணக்கில் உலர்ந்து, கோடை வெயிலும் பனியும் தின்று, இனி வளையவே முடியாத பிர்ச் பலகை. மேல்பக்கம் கண்ணாடியாகப் பளபளத்தது.

"சீ! ஊர்ப்பட்ட பின்புறம் தேய்ச்ச பலகையா?" என்றாள் அக்கா.

"தொட்டில்ல பிள்ளை பின்புறத்தைத்தானேடி வைக்கப் போகுது?"

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பலகையைத் தடவினாள். "பிள்ளைத்தாச்சிகள்லாம் இதுல உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளுக. ஒருத்தியும் கீழ விழல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் சம்மதம் அப்படித்தான் வரும்.

கட்டர் ஒடிந்துவிடக் கூடாது என்று ஓரத்து ஆணியை நான் பிடுங்கினேன். ஆணி இருந்த துளை மட்டும் நின்றது. மச்சான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் தொட்டிலின் மற்ற பாகங்களையெல்லாம் மறைத்துவிட்டு, அடிப்பலகையை மட்டும் விட்டுவைத்தார்.

"ராபிகா, இது தொட்டில் இல்ல. வெறும் பலகை. பலகையை ஆட்டலாமா?"

அக்கா நெடுநேரம் யோசித்தாள். "பலகையை ஆட்டலாம்."

காலையிலேயே இப்படிச் செய்திருந்தால் என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகையை மேஜையில் வைத்துப் பிடிகளை இறுக்கினேன். ஜீரோவைச் சரிபார்த்தார். காற்றில் ஒருமுறை ஓட்டினார். பொத்தானை அமுக்கினார். அந்தப் பாட்டுக்குக்கூட அன்று வாய் வரவில்லை.

மறுநாள் சம்பந்தி வீட்டில் பெண்கள் கூட்டம் தாங்கவில்லை. ஆண்கள் நாங்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தோம். தெருவில் மூத்தவளான ஒரு பெண்மணி சடங்கைத் தொடங்கினாள். பிள்ளை வெளிக்குப் போவதுபோல் துளை வழியாக ஒரு கை நிறைய மிட்டாய் போட்டு, "போயிருச்சா?" என்று கத்தினாள். "போயிருச்சு, போயிருச்சு!" என்று பெண்களெல்லாம் கூவி, கீழே கை நீட்டிப் பொறுக்கினார்கள். ஒரு மிட்டாய்கூடச் சிக்கவில்லை. மச்சான் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

அப்போது குல்பாஷ் குனிந்தார். அடிப்பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டியவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். ஆணி இருந்த துளை.

"சம்பந்தி, இது உங்க வண்டிப் பலகைதானே? என் பாவாடையைக் கிழிச்சது?"

மிட்டாய் பொறுக்கியவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் குழந்தையை வைத்திருந்த மர்ஜானின் முகம் வெளுத்தது. மச்சான் சண்டை போடுவார், அல்லது பொய் சொல்வார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமா சம்பந்தியம்மா. வேற மரம் வச்சிருந்தேன், பாழாக்கிட்டேன். என்கிட்ட இருந்ததுல நல்ல மரம் இதுதான்."

குல்பாஷ் பலகையை இன்னொரு முறை தடவினார். முகம் சிவந்தது.

"அன்னிக்கு நீங்க நிறுத்தத்தான் செஞ்சீங்க" என்றார். "நான்தான் தூங்கிட்டேன். மருமகளை ஏசிட்டு ராத்திரியெல்லாம் கண்ணு மூடல, விடிஞ்சதும் கிளம்பி வந்தேன். இந்தப் பலகையில உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் எங்க இருக்கேன்னே தெரியல. நாலு பேர் முன்னால வாயைப் பொளந்து தூங்கினேன்னு எப்படிச் சொல்றது? அதான் உங்க மேல போட்டுட்டேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "என்னடி பார்க்கிறீங்க? நானே தூங்கின பலகை. பிள்ளை தூங்காதா? கொண்டா மர்ஜான்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேனே மாப்ளே, நம்பினியா நீ?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

மர்ஜான் குழந்தையைக் கிடத்தினாள். துணிப்பட்டைகளால் சுற்றிக் கட்டினார்கள். முதலில் யார் ஆட்டுவது என்று பெண்கள் முட்டிக்கொள்ள, "செஞ்சவரே வரட்டும்" என்று மர்ஜான் சொன்னாள். அத்தனை பெண்களுக்கு நடுவில் மச்சான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார். மேல் கட்டையைப் பிடித்தார். பிடித்தவர் அசையவே இல்லை. தோள் இரண்டும் குலுங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

அக்கா பக்கத்தில் போய் நின்று, அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"ஆட்டுங்க" என்றாள். "உள்ள பிள்ளை இருக்கு. இப்ப ஆட்டலாம்."